டெலோரஸ் கேட்ட மூன்றாவது ஃபிளிப்பர்

'நவ்ராட்டில்' என்ற எங்கள் சிகாகோ கம்பெனி மூன்று வருஷம்கூட முழுசாக ஓடவில்லை. ஆனாலும் அங்கே வேலை பார்த்த யாரைக் கேட்டாலும், வாழ்க்கையில் நல்ல காலம் அதுதான் என்பார்கள். காசு போட்டு இரும்புப் பந்தைத் தட்டி ஆடும் பின்பால் மெஷின்கள்தான் எங்கள் சரக்கு. அவற்றின் கண்ணாடியில் நான் படம் அச்சடித்தேன். எதிர் மேஜையில் டெலோரஸ் விட்கா ஒயர்களைப் பற்றவைப்பாள். நாற்பதைத் தாண்டிய விதவை. கையும் ஓயாது, வாயும் ஓயாது.

அப்போது சிகாகோவில், சூதாட்டம் என்று சொல்லிப் பின்பாலுக்குத் தடை. ஊர் ஊராக மெஷின் அனுப்புவது நாங்கள்தான். ஆனால் எங்கள் தெரு மதுக்கடையில் ஒன்றை வைத்தால் போலீஸ் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தொழிற்சாலைக்குள்ளேயே ஆடுவோம். வாயில் சாஸேஜ் ரொட்டி, விரல்கள் பொத்தானில். டெலோரஸை யாரும் ஜெயித்ததில்லை.

அதனால்தான் முதலாளி எமில் தன் புது மெஷினை முதலில் அவளிடம் ஆடக் கொடுத்தார். ஆடி முடித்து முகத்தைச் சுளித்தாள்.

"என்ன முதலாளி, பந்து வந்ததும் ஓட்டைக்குள்ள ஓடிப்போகுது? செத்துப்போன என் புருஷனோட சம்பளம்கூட இதைவிட அதிக நேரம் வீட்டுல தங்குச்சு!"

எமில் சிரித்துவிட்டார். "சரி, என்ன பண்ணலாம்கிற?"

"பந்தைத் தட்டக் கீழே ரெண்டு ஃபிளிப்பர்தானே இருக்கு? மேலே இன்னொண்ணு வைங்க. ஆடுறவன் பாவம், தப்பிக்க ஒரு வழி வேணாமா?"

வைத்தார். 'பனிப்புயல்' என்று பெயரிட்டோம். அதன்பின் எங்கள் சாப்பாட்டு நேரம் முடிவதே இல்லை. எமிலும் கோட்டைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்பார்.

ஆனால் வெளியூர் மதுக்கடைக்காரர்கள் கொதித்தார்கள். ஒரே காசைப் போட்டு அரைமணி நேரம் ஆடினால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்? ஆர்டர்கள் நின்றன. அடுத்த குளிர்காலத்தில் ஊரில் தடை நீங்கியது. அதற்குள் எங்கள் கதவு மூடியிருந்தது.

கடைசி நாள் டெலோரஸ் எமில் முன் போய் நின்றாள். "என்னாலதான் முதலாளி."

"நீ சொன்னே, அவ்வளவுதான். வச்சவன் நான். கடைசியா ஒரு மெஷின் மிச்சமிருக்கு, எடுத்துக்கோ."

"மூணாவது மாடிக்கு யார் தூக்குறது? உங்க முதுகா, என் முதுகா?"

இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

அவள் அதன்பின் ஒரு ரொட்டிக் கடையில் சேர்ந்தாள். பல வருஷம் கழித்து, என் தங்கை மகள் கல்யாணத்துக்கு நாங்கள் இருவரும் மில்வாக்கி போனோம். தேவாலயத்துக்கு எதிரே இருந்த மதுக்கடை மூலையில் பனிப்புயல் ஒன்று மின்னிக்கொண்டிருந்தது. டெலோரஸ் நேராக உள்ளே போய் அதன் கண்ணாடியைத் தடவிப் பார்த்தாள்.

"இதை விக்கிறீங்களா?" என்று நான் கடைக்காரரிடம் கேட்டேன்.

"நல்லா கேட்டீங்க! இதுல கை வச்சவன் இடத்தை விட்டு நகரவே மாட்டான். ஆடுற வரைக்கும் பீர் வாங்கிட்டே இருப்பான். என் கடையே இதாலதான் ஓடுது."

"அடப்பாவி, இதை அப்பவே எங்க முதலாளிகிட்ட வந்து சொல்லியிருக்கலாமே!" என்றாள் டெலோரஸ். எமில் இறந்து அப்போது இரண்டு வருஷம்.

தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஆட ஆரம்பித்தாள். நாங்கள் விருந்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சூப் ஆறிப்போயிருந்தது.