ஜெரிஷ் தன் ஓலையைத் தானே வாசித்தது

அருமனைப் பக்கம் யாரிடம் கேட்டாலும் ஜெரிஷ் ரப்பர் பால் வெட்டுகிறவன், ஷீட் அடிக்கிறவன், அவ்வளவுதான். அவன் ஸ்வீடன் தேசத்து பிளாக் மெட்டல் என்ற அலறல் பாட்டுக் குழு ஒன்றின் பாடகன் என்று சொல்லிப் பாருங்கள், உங்கள் தலையில்தான் எண்ணெய் தேய்க்கச் சொல்வார்கள். ஆனால் சத்தியமாக உண்மை.

பதினான்கு வயதுவரை அவன் சபையின் பாடகர் குழுவில் நின்றவன். குழுவை நடத்தியவர் கணக்கு வாத்தியார் சுந்தரராஜ், மகா கறார். "வயித்திலயிருந்து மூச்செடுக்கணும்லே, நெஞ்சில எடுத்தா ஆடு கத்தினது போல இருக்கும்" என்று பிள்ளைகளின் வயிற்றில் விரலால் குத்திக் குத்திப் பழக்குவார். ஜெரிஷுக்குக் குரல் உடைந்தது. எல்லாருக்கும் உடையும், பிறகு சேரும். இவனுக்குச் சேரவே இல்லை. கிறிஸ்மஸ் ஆராதனையில் இவன் வாயைத் திறந்ததும் முன்வரிசைக் கைக்குழந்தை வீறிட்டு அலறியது. "நாளையிலயிருந்து நீ வரண்டாம் மக்கா" என்று சொல்லிவிட்டார் சார். பாவம், அன்று அவன் அழுதான் பாருங்கள், அந்த அழுகையும் கரகரவென்றுதான் இருந்தது.

2004இல் துபாயிலிருந்து வந்த சித்தி மகன் ஷிபு ஒரு சிடியைப் போட்டுக் காட்டினான். யாரோ ஒரு வெள்ளைக்காரன் தொண்டை கிழிய உறுமினான். ஜெரிஷ் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஏலே, இது எனக்க சத்தமில்லியா? இதுக்கு ஆளுவ கைதட்டுதானுவளா?"

அன்றிலிருந்து ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் இருட்டறைதான் அவனுக்குப் பாட்டுப் பள்ளி. முதல் நாள் சத்தம் கேட்டு, மகன் தீயில் மாட்டிக்கொண்டான் என்று அப்பா ரசலையன் இரண்டு வாளித் தண்ணீரோடு கதவை உதைத்துத் திறந்தார். ஒரு வாளி மகன்மேல், இன்னொன்று அடுப்பில். அந்த வாரத்து ஷீட் முழுக்கப் பூசணம் பிடித்தது. வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல.

2008இல் மார்த்தாண்டம் நெட் சென்டரில் உட்கார்ந்து தன் உறுமலை இணையத்தில் ஏற்றினான். இரண்டு மாதத்தில் ஸ்வீடனிலிருந்து கடிதம் வந்தது. அவர்களுடைய பாடகன் ஆடு வளர்க்கப் போய்விட்டானாம், நீ பாடுகிறாயா என்றார்கள். ஸ்வீடன் மொழிச் சொற்களைத் தமிழில் எழுதிவைத்து, ஊரிலிருந்தே பாடிப் பதிந்து அனுப்பினான். ஒரே ஒரு நிபந்தனை. "பனி, ஓநாய், சாவு, இது எல்லாம் பாடுவேன். கர்த்தரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக வரக்கூடாது." கடவுளை ஏசுவதுதானே பிளாக் மெட்டல், அதை விட்டால் என்னதான் மிச்சம் என்று அவர்கள் மூன்று வாரம் சண்டை பிடித்தார்கள். கடைசியில் கர்த்தரை விட்டுவிட்டு, பாட்டில் ஓநாய்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டார்கள். இவன் பார்த்த பனியெல்லாம் ஃப்ரிட்ஜுக்குள் உறைந்ததுதான்.

படம் கேட்டார்கள். முகத்தில் டால்கம் பவுடரும் கண்ணைச் சுற்றிப் புகையறைக் கரியும் அப்பிக்கொண்டு ரப்பர் மரத்தடியில் நின்றான். அங்கே அதை வடதுருவக் காட்டின் ஆவி என்று கொண்டாடினார்களாம்.

2012 நவம்பரில், அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரத்தில்தான் அந்தப் படம் அவன் கழுத்துக்குக் கத்தியாக வந்தது. பெண் யார் தெரியுமா? அதே சுந்தரராஜின் மகள் ஜாஸ்மி, குவைத்துக்கு விசா வந்துவிட்ட நர்ஸ். புதன்கிழமை கல்யாணம், வெள்ளிக்கிழமை விமானம், திரும்பிவர இரண்டு வருடம். அதற்குள் மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடையிருந்தால் சொல்லுங்கள் என்று எல்லார் காதிலும் விழ அறிவிப்பது. இரண்டு ஓலை முடிந்தபோது யாரோ சுந்தரராஜிடம் படத்தைக் காட்டிவிட்டார்கள்.

"பிசாசுக்கா எனக்க பிள்ளையக் குடுப்பேன்?" என்று அவர் குதித்தார். "கெட்டினா அவனத்தான் கெட்டுவேன்" என்றாள் ஜாஸ்மி. அத்தோடு அவர் வாயை மூடிக்கொண்டார். ஒரு ஓலை தவறினால் போதும், பெண் விமானம் ஏறிவிடுவாள், எல்லாம் ஆறிப்போகும் என்பது அவர் கணக்கு.

மூன்றாம் ஞாயிறு மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. ஆலயத்தைப் புதுக்கிக் கட்டுவதால் ஆராதனை தகரக் கொட்டகையில். கரண்டும் போனது, மைக்கும் போனது. போதகருக்கோ எறும்புக் குரல். அவர் ஓலை வாசிக்க உதடு அசைந்தது, அவ்வளவே. சுந்தரராஜ் எழுந்துபோய் அவர் காதோரம் வாயை வைத்தார். "ஐயரே, சபைக்குக் கேக்காத்த ஓலை செல்லாது."

நியாயம்தானே. போதகர் வருத்தத்தோடு தாளை மடித்தார். ஜெரிஷ் பெண்கள் பக்கம் பார்த்தான். ஜாஸ்மி முறைத்துக்கொண்டே தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

எழுந்துபோய்த் தாளை வாங்கினான். மூச்செடுத்தான்.

"ரசலையன் குமாரன் ஜெரிஷுக்கும்!"

தகரம் கிடுகிடுத்தது. கூரையடியில் ஒதுங்கியிருந்த காக்கைகள் மழையே மேல் என்று பறந்தன. கடைசி வரிசை அன்னக்கிளி, கர்த்தரின் இரண்டாம் வருகைதான் வந்துவிட்டது என்று முழங்காலில் விழுந்து பாவங்களை அறிக்கையிட்டாள். நல்லவேளை, மழையில் யாருக்கும் கேட்கவில்லை.

"தடை சொல்ல முகாந்தரம் உள்ளவர்கள் இப்போதே சொல்லலாம்!"

சுந்தரராஜ் எழுந்து வாயைத் திறந்தார். கத்தினார். இன்னொரு முறை கத்தினார். பக்கத்தில் இருந்தவருக்கே கேட்கவில்லை. போதகர் முறைப்படி காத்திருந்து, தடை ஒன்றும் காதில் விழாததால் கையெழுத்துப் போட்டார்.

ஆராதனை முடிந்து வாசலில் சார் ஜெரிஷை வழிமறித்தார்.

"மொத்த ஓலையும் ரெண்டே மூச்சில வாசிச்சியேலே. எங்கயிருந்து எடுத்த?"

"வயித்திலயிருந்து சார். நீங்க சொல்லித்தந்தது."

சார் பழையபடி விரலால் அவன் வயிற்றில் ஒரு குத்து குத்திப் பார்த்தார்.

"சனியாழ்ச கிறிஸ்மஸ் பாட்டு பழகுதோம். வந்து கடைசி வரிசையில நில்லு. கரண்டு போனா மட்டும் முன்ன வந்தாப் போதும்."