தண்ணீர் சரியில்லை என்று எழுதச் சொன்னவர்

லாயாங் லாயாங் என்ற சிற்றூரில் பழைய பழத்தோட்ட வீடு ஒன்றை வாங்கி ஓர் இளம் தம்பதி புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கப் போயிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். சான்றில் போடும் கையெழுத்தில் எனக்குப் பெருமை அதிகம்.

அந்த மனைவிக்கு முப்பது வயதிருக்கும். கையெல்லாம் பெயிண்ட். சிங்கப்பூர் அலுவலகத்தின் அடையாள அட்டைக் கயிற்றில் இப்போது கார் சாவியை மாட்டியிருந்தார். பேசும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கூரைமேல் இருந்த கணவர் கத்தினார். "நல்ல தண்ணி லா மிஸ்! இனிமே சாகுற வரைக்கும் இங்கதான்!"

அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு மனைவி குரலைத் தாழ்த்தினார். "தண்ணி சரியில்லன்னு எழுதிடுங்க மிஸ். பிள்ளைங்க குடிக்கிறதுன்னா யோசிப்பாரு. டவுனுக்கே திரும்பிடலாம். நான் சொன்னா கேக்க மாட்டாரு."

"பொய் எழுத முடியாதுக்கா."

"ஆமா, படிச்சவங்க."

வாளியை இறக்குவதற்காக, மாதிரித் தண்ணீர் எடுக்கும் புட்டியின் மூடியை அவரிடம் கொடுத்தேன். "உள்ள விரல் படக்கூடாது. பட்டா சோதனையில தண்ணி கெட்டதுன்னு காட்டிடும்" என்று பழக்கத்தில் சொன்ன பிறகுதான், என்ன சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது. அவருக்கும்தான். மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விளிம்பை மட்டும் பிடித்து என்னிடம் நீட்டினார்.

நல்ல தண்ணீர் என்றே முடிவு வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் மூடிக்குள் விரலை வைத்திருந்தால் பார்க்காதவள்போல் முகத்தைத் திருப்பியிருப்பேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.