மெக்கானிக் கேட்ட டீ

என் தம்பி பெண்டாட்டிக்கு லிஃப்ட் கம்பெனியில போன் எடுக்குற வேலை. லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்க பொத்தானை அமுக்கினா அந்த அழைப்பு நேரா இவ காதுக்குத்தான் வரும். அழுவாங்க, திட்டுவாங்க, இவ பரம்பரையையே இழுப்பாங்க. எல்லாத்துக்கும் ஒரே குரல்ல, "கேக்குது, ஆள் வந்துட்டிருக்காரு, லைன்லயே இருங்க"ன்னு சொல்லணும். ஆள் வந்து கதவைத் திறக்கிற வரைக்கும் எதையாவது பேசிட்டே இருக்கணும். சாயங்காலம் வீட்டுக்கு வர்றப்போ அவளுக்குத் தொண்டையே இருக்காது. செருப்பைக் கழட்டிட்டு சுவத்துல சாஞ்சு கொஞ்ச நேரம் நிப்பா. நான் எதாவது கேட்டா தலையை மட்டும் ஆட்டுவா.

என் தம்பி அதே கம்பெனியில மெக்கானிக்கா இருந்தவன். பக்கவாதம் வந்து வலது பக்கம் மொத்தமும் விழுந்துடுச்சு, பேச்சும் போயிடுச்சு. இடது கை மட்டும் அசையும். ஆமான்னா கட்டில் கம்பியில ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு தட்டு. இவ வேலைக்குப் போற நேரத்துல நான் வந்து அவனைப் பார்த்துக்குவேன். திருப்பிப் படுக்க வைக்கிறதுக்குள்ள எனக்கு இடுப்பு விட்டுப்போகும். பெத்தவங்களுக்கு அப்புறம் நான்தானே அவனுக்கு? அதனால முணுமுணுத்துக்கிட்டே செய்வேன்.

இதுல அவ போனை நோண்டுறது எனக்கு ஆகவே ஆகாது. வந்ததும் வராததுமா போனை எடுத்துக்கிட்டு கட்டில் பக்கத்துல உக்காந்துடுவா. ஒருநாள் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். அப்பதான் சொன்னா, அது ஒரு கதையாம். ஒருத்தரை ஒருத்தர் பார்த்தே இராத ஒரு ஏழெட்டு பேர் சேர்ந்து எழுதுறாங்களாம். முறை வெச்சு ஆளுக்கொரு பகுதி. எழுதினதை யாரும் அழிக்கக்கூடாது, அடுத்தவங்க அதுலேர்ந்துதான் தொடரணும். இவ பஸ்ஸுல வர்றப்போ தன் பங்கை எழுதுவாளாம். வந்த பகுதியையெல்லாம் அவனுக்குப் படிச்சுக் காட்டுவாளாம். வேற வேலை இல்லையான்னு முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டேன். ஆனா காதை மூடிக்க முடியுமா?

இவ எழுதின பகுதியில ஒரு லிஃப்ட் மெக்கானிக் வந்தான். உள்ள மாட்டினவங்க கத்தினா, "நீங்க பத்திரமாத்தான் இருக்கீங்க, வெளிய நிக்கிற எனக்குத்தான் பயமா இருக்கு"ன்னு சொல்வான். அதைக் கேட்டதும் கையில இருந்த துணியை அப்படியே கீழ வெச்சுட்டேன். அது என் தம்பி பேச்சு. அவன் வாயிலேர்ந்து போனது அங்க ஒரு கதையில நடமாடிக்கிட்டு இருந்துச்சு. மத்தவங்களுக்கு இதெல்லாம் தெரியாது. ஆனா மெக்கானிக்னா அவங்களுக்கும் உசுரு, ஆளாளுக்கு அவனைப் பேச வெச்சாங்க. அதுக்கப்புறம் அவ வர லேட்டானா தம்பி வாசலைப் பார்ப்பான், கூடவே நானும்தான் பார்ப்பேன்.

அந்தக் கூட்டத்துல ஒரு வாத்தியார். கதை ரொம்ப இனிச்சுக்கிட்டே போகுதுன்னு அவருக்கு என்ன தோணுச்சோ, தன் முறை வந்தப்போ மெக்கானிக்கை லிஃப்ட் குழியில தள்ளிக் கொன்னுட்டார். அன்னைக்கு அவ பஸ்ஸுலயே படிச்சிருக்கா. வீட்டுக்கு வந்து இன்னும் பகுதி வரலைன்னு தம்பிகிட்ட பொய் சொன்னா. மறுநாளும் அதையே சொன்னா. அவன் கம்பியைத் தட்டிக்கிட்டே இருந்தான். அடுக்களையில வந்து என்கிட்ட மட்டும் உண்மையைச் சொன்னா. முன்னப்பின்ன தெரியாத அந்த வாத்தியாரை நான் வாயில வந்தபடி திட்டித் தீர்த்தேன்.

அடுத்த முறை ஒரு பேக்கரிக்காரரோடது. அடுப்புல ரொட்டி வேகுற நேரத்துல எழுதுற மனுஷன். முந்தின பகுதியைப் படிக்கவே இல்ல. அவர் பாட்டுக்கு மெக்கானிக் கதவைத் திறந்துக்கிட்டு உள்ள வர்றான், கையைத் துடைச்சுக்கிட்டு, "ஒரு டீ கிடைக்குமா"ன்னு கேக்குறான்னு எழுதி அனுப்பிட்டார். செத்தவன் வந்து டீ கேக்குறான்! கூட்டத்துல குய்யோ முறையோன்னு ஒரே சத்தம். பேக்கரிக்காரர் மன்னிப்பு மேல மன்னிப்பு கேட்டார். கடைசியில, இந்த ஒரு தடவை மட்டும் ஏதாவது ஒண்ணை அழிச்சுடலாம், எது இருக்கணும், சாவா டீயான்னு ஓட்டுப் போடுங்கன்னு முடிவாச்சு. ரெண்டு பக்கமும் சரிசமமா விழுந்து, பாக்கி இருந்தது இவ ஓட்டு மட்டும்தான்.

இதுல யோசிக்க என்ன இருக்கு, சாவை மறைச்சுட்டு டீயைப் படின்னு நான் சொன்னேன். அவ ஒத்துக்கல. "எந்த நட்டு கழண்டிருக்குன்னு கண்டுபிடிக்கிறதுதான்க்கா அவர் வேலையே. நடுவுல ஒண்ணை விட்டா தெரிஞ்சுடும்"னா. கட்டில் பக்கத்துல உக்காந்து ரெண்டையும் படிச்சா. செத்த இடத்துல அவ குரல் உடையல, ஆபீஸ் குரல்லயே படிச்சு முடிச்சா. அப்புறம் அவனையே கேட்டா, டீ குடிக்க விடலாமான்னு.

அவன் ரெண்டு தட்டு தட்டினான்.

கை தவறிப்போச்சுன்னு நினைச்சு நான் பக்கத்துல போனேன். "அப்போ செத்தது செத்ததாவே இருக்கட்டுமா?"ன்னு அவ திருப்பிக் கேட்டா. ஒரே ஒரு தட்டு, பளிச்சுன்னு. கண்ணை அவ மேலேர்ந்து எடுக்கவே இல்ல. அவன் கதையைப் பத்திச் சொல்லலைன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். இத்தனை நாளா திருப்பிப் படுக்க வைக்கிறோம், ஊட்டுறோம், துடைக்கிறோம், நமக்குத்தான் அலுப்புன்னு நினைச்சுட்டு இருந்தேன். படுத்துக்கிடக்குறவனுக்கு எவ்வளவு அலுத்திருக்கும்னு அன்னைக்குத்தான் உறைச்சுது. அழக்கூடாதுன்னு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

அவ போர்வையை இழுத்து அவன் காலை மூடினா. அப்புறம் போனை எடுத்து ஓட்டைப் போட்டா. போட்டதை அவன் முகத்துக்கு நேரா காட்டினா. டீ.

"எனக்கும் அலுப்பாத்தான் இருக்கு. தினம் தினம் அலுப்பாத்தான் இருக்கு. ஆனா உங்க ஓட்டு செல்லாது. நீங்க இந்தக் கூட்டத்துலயே இல்ல."

அவன் மறுபடி ரெண்டு தட்டு தட்டினான். அதுக்குள்ள அவ அந்த டீ பகுதியை முதல் வரியிலேர்ந்து படிக்க ஆரம்பிச்சிருந்தா. மெக்கானிக் கதவைத் திறக்கிற இடத்துல இன்னும் ரெண்டு தட்டு. அவ நிறுத்திட்டு, கட்டில் கம்பியில இருந்த அவன் கையை எடுத்துத் தன் மடியில வெச்சுக்கிட்டா.

"கேக்குது," அப்படின்னா. "லைன்லயே இருங்க."

அப்புறம் விட்ட இடத்துலேர்ந்து படிச்சா. நான் டீ போடப் போனேன்.