ரப்பர் வாசர்

பழைய என்ஜின் ஒயில் மணம் எங்கே வந்தாலும், இன்று சுவர்கூட மிஞ்சாத அப்பா மோட்டார் சைக்கிள் திருத்திய எங்கள் கொடிகாமக் கராச்சில் நான் தலைகுனிந்து நிற்கிறேன். ஒயில் பில்டர் எட்டாத இடுக்கில் உள்ள மோட்டார் சைக்கிள் வந்தால், அப்பா தன் தடித்த கையைப் பார்த்துவிட்டு, பத்து வயது மகளான என்னைக் கூப்பிடுவார். ஒருநாள் விளையாடப் போகும் அவசரத்தில், கையிலிருந்து வழுக்கி விழுந்த, ஒயில் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வாசரைத் தேடாமலே பில்டரைப் பூட்டிவிட்டேன்.

"வாசர் போட்டனியே, பிள்ளை?"

"ஓம் அப்பா."

மறுநாள், ஒயிலெல்லாம் வழியில் ஒழுகி என்ஜின் இறுகிப்போன அந்த மோட்டார் சைக்கிளை வெயிலில் உருட்டிக்கொண்டு வந்த அதன் சொந்தக்கார வாத்தியார், பக்கத்துச் சந்தைச் சனத்தின் முன்னால் அப்பாவை ஏசினார்.

"என்ரை பிழைதான், மாஸ்டர்," என்றார் அப்பா. நான் அவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அடுத்து வந்த மோட்டார் சைக்கிளில் அப்பா தன் கையையே இடுக்கில் திணித்து, விரல் முட்டியெல்லாம் தோலுரியப் பில்டரைக் கழற்றினார். பக்கத்தில்தான் நின்றேன், என்னைக் கூப்பிடவில்லை.