ஐம்பத்தைந்து லிட்டர் காற்று

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். முப்பது வருஷம் பிரிட்ஜுக்கும் ஏசிக்கும் கேஸ் அடைத்தே காலம் தள்ளியதால் கேஸ்காரர் என்றே ஆகிப்போனார். முழங்கால் தேய்ந்து, படியேற முடியாமல் வீட்டோடு கிடந்தவரைத்தான், தெருமுனையில் குடிநீர் வாரியம் இறக்கிய தண்ணீர் மெஷினுக்கு ஆபரேட்டராகப் போட்டார்கள்.

பீரோ அளவு மெஷின். ஒரு பக்கம் மின்விசிறி காற்றை இழுக்கும். உள்ளே குளிர்ந்த குழாய்ச் சுருளில் காற்றின் ஈரம் முத்து முத்தாகக் கோத்து வடியும். கீழே குழாயைத் திறந்தால் குடிதண்ணீர். “ஒண்ணுமில்ல, பெரிய பிரிட்ஜ் ஒண்ணுக்கு வேர்க்குது. அந்த வேர்வையைப் பிடிச்சுக் குடிக்கிறோம்” என்று அவர் விளக்கம் சொன்னதில், இரண்டு வீட்டுக்காரர்கள் முதல் வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா அவர்?

தெருவில் பதினொரு வீடு. ஆழ்துளைப் போரில் வருவது கடுத்த உப்புத் தண்ணீர். துணி துவைக்கவும் தரை கழுவவும்தான் லாயக்கு. குடிக்க, மூன்று நாளைக்கு ஒருமுறை வாரிய லாரி வந்து வீட்டுக்கு ஒரு கேன் இறக்கும். மகன், மருமகள், பேத்தி என்று ஐந்து பேர் இருக்கிற கேஸ்காரர் வீட்டில் அது எந்த மூலைக்கு? போதாததற்கு அவர் மனைவிக்குச் சிறுநீரகத்தில் கல். “நல்ல தண்ணி, தினம் மூணு லிட்டர். குறைஞ்சா அடுத்த தடவை நேரா ஆபரேஷன் தான்” என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மூன்று லிட்டரை மெஷின்தான் நிரப்பிக்கொண்டிருந்தது. அதனால் கேஸ்காரர் அதைப் பெற்ற பிள்ளை போலப் பார்த்துக்கொண்டார். என்னைக்கூட இப்படிப் பார்த்ததில்லையே என்று மகன் ஒருநாள் ஜாடையாகச் சொல்லிக் காட்டினான்.

மழை மாசத்தில் தினம் ஐம்பது லிட்டருக்கு மேல் தந்த மெஷின், வறண்ட காற்று வீசத் தொடங்கியதும் பன்னிரண்டுக்கு இறங்கியது. காற்றில் இருந்தால்தானே கறக்க முடியும்? இது மெஷினை அனுப்பியவர்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் ஒரு கடிதம் வந்தது: மாத சராசரி ஐம்பதுக்குக் கீழே போனால் மெஷின் வேறு இடத்துக்கு மாற்றப்படும். கணக்கைத் திருத்தவும் வழியில்லை. மீட்டருக்குள் ஒரு சிம் கார்டு உட்கார்ந்துகொண்டு தினமும் தலைமை அலுவலகத்துக்குக் கோள் சொல்லிவிடும்.

நான்கு நாள் கையைப் பிசைந்தார். ஐந்தாம் நாள் மீட்டரில் பதினைந்து காட்டியது. மனைவியைத் தேடி வீட்டுக்கு ஓடினார், அதாவது அவர் முழங்கால் விட்ட அளவுக்கு ஓடினார்.

“இன்னைக்கு மெஷின் கிட்ட என்ன பண்ணின?”

“ஒண்ணும் பண்ணலைங்க. போர்வை துவைச்சேன், பக்கத்துல கொடி கட்டிக் காயப்போட்டேன். அது ஒரு குத்தமா?”

கேஸ்காரர் மனைவியைக் கும்பிடாத குறைதான். மீட்டரை ஏமாற்ற முடியாது, காற்றை ஏமாற்றலாமே! மறுநாளே காற்று இழுக்கும் பக்கம் கம்பி கட்டிப் பன்னிரண்டு சாக்குகளைத் தொங்கவிட்டார். வீட்டுக்கு இரண்டு குடம் போர்த் தண்ணீர் என்று முறை வைத்துப் பெண்கள் ஊற்றினார்கள். வறண்ட காற்று சாக்கின் ஈரத்தை ஆவலாகக் குடித்தது. காற்றின் ஈரத்தை மெஷின் குடித்தது. இருபத்திரண்டு குடம் ஊற்றினால் மூன்று குடம் வந்தது. ஆனால் வந்தது நல்ல தண்ணீர். உப்பெல்லாம் சாக்கோடு நின்றுவிட்டது. சாயங்காலம் அட்டை போல விறைத்த சாக்குகளைத் தட்டினால் வெள்ளையாகக் கொட்டும். மீட்டர் ஐம்பத்தைந்து காட்டியது. மனைவி மூன்று லிட்டர் குடித்தாள், இடுப்பு வலி இல்லாமல் தூங்கினாள். அந்த மாசம் முழுக்க அவர் தரையில் நடக்கவில்லை.

மாசக் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து இன்ஜினியர் அம்மா வந்தார். சாக்குகள் அவசரமாகச் சுருட்டப்பட்டு, தையல்கார அக்கா வீட்டுக் கட்டிலடியில் பதுங்கின.

“இந்தக் காத்துல ஐம்பத்தஞ்சா! எப்படிங்கய்யா?”

“பில்டரை தினமும் துடைப்பேன் மேடம்” என்றார் கேஸ்காரர்.

அது பொய்யில்லை, துடைக்கத்தான் செய்வார். ஆனால் அந்த இடத்தில் அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சாக்கு யோசனை ஒன்றும் கேவலமானதில்லை, சொல்லியிருந்தால் பாராட்டியிருக்கவும் கூடும். பயம் வாயைக் கட்டிவிட்டது. நாமாக இருந்தால் மட்டும் சொல்லியிருப்போமாக்கும்!

அடுத்த வாரம் லாரி வரவில்லை. கேஸ்காரர் டிரைவருக்குப் போன் போட்டார்.

“உங்க தெருவுக்குத்தான் மெஷின் போதுமாமேண்ணே. வேண்டாம்னு ஆர்டர் வந்துடுச்சு. என்னை வேற தெருவுக்குத் திருப்பிட்டாங்க.”

கேஸ்காரர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். சரி, ஐம்பத்தைந்தைப் பதினொன்றால் வகுத்தால் வீட்டுக்கு ஐந்து லிட்டர், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று தெருவையும் தன்னையும் தேற்றினார். பத்தே நாளில் போர் இருமியது. தண்ணீர் வர வேண்டிய குழாயில் காற்று வந்தது. சாக்குகள் காய்ந்து தொங்கின. மீட்டர் பழையபடி பன்னிரண்டுக்குப் போய் உட்கார்ந்தது. வீட்டுக்கு ஒரு லிட்டர்.

வாரிய அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்த கிளார்க்கிடம் ஒன்று விடாமல் கொட்டினார்.

கிளார்க் நல்ல மனுஷன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பெரியவரே, இதை எழுதிக் குடுத்தீங்கன்னா உங்க மேல நடவடிக்கை, மெஷினும் போயிடும். குடுக்கலைன்னாலும் மாசக் கடைசியில சராசரி பார்த்துத் தூக்கிடுவாங்க. லாரிக்குப் புதுசா மனு போடுங்க, ஆறு மாசம் ஆகும். நீங்க எதுவும் சொல்லல, நானும் கேக்கல. கிளம்புங்க.” பிறகு ஞாபகம் வந்தவராக, “நாளைக்கு வேற ஊர் மெஷின் ஆபரேட்டருங்க ஆறு பேர் உங்க மெஷினைப் பார்த்துக் கத்துக்க வர்றாங்க. சட்டை கொஞ்சம் நல்லதாப் போட்டுக்கோங்க” என்றார்.

வந்தார்கள். உச்சி வெயிலில், புழுதியோடு, ஆறு பேர். மெஷினைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தார்கள். ஒருவர் ருசி பார்க்க ஆசைப்பட்டுக் குழாயைத் திறந்தார். ஒரு சொட்டு விழுந்து நின்றது. காலையில் பிடித்ததை அப்போதே பதினொரு வீட்டுக்கும் பங்கு போட்டாகிவிட்டது.

கேஸ்காரர் மெதுவாகக் குழாயை மூடினார். வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மனைவி உள்ளே போனாள். தட்டில் ஆறு டம்ளரோடு வந்தாள். வீட்டில் நான்கு பேரும் தங்கள் பங்கைக் குறைத்து அவளுக்கென்று எடுத்துவைத்த பாட்டில் தண்ணீர் அது. வேண்டாம் என்று அவர் கண்ணால் கெஞ்சினார். வெயிலில் வந்தவர்களுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை. ஏன் இல்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை.

“அடடா, மழைத்தண்ணி மாதிரி இருக்கே!” என்று ஒருவர் டம்ளரை மறுபடி நீட்டினார். அவள் உள்ளே போய்ப் பாட்டிலையே எடுத்து வந்து கவிழ்த்தாள். அரை டம்ளர் வந்தது.

“குடுத்து வெச்சவங்கம்மா நீங்க. தினமும் இதையே குடிக்கிறீங்க.”

“ஆமாங்க” என்றாள்.

டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு, ஒரு கையால் இடுப்பை அழுத்திப் பிடித்தபடி அவள் படியேறினாள். பின்னால், பில்டரை எப்படித் துடைப்பது என்று கேஸ்காரர் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.