கடவுச்சொல் தவறு என்றது திரை

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் அலுவலக அறையில், ஜன்னலோர மேஜை அவருடையது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மனைவியோடு வந்தவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிப்பது அவர் வேலை. கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்பதால் வைஃபை பொறுப்பையும் முதலாளி அவரிடம் விட்டிருந்தார். அவர் மனைவி கீழே செக்கிங் மேஜையில் நின்று, தைத்து வரும் உடுப்புகளில் பழுது பார்ப்பவர். நான் மெர்ச்சண்டைசர். உடுப்பு வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்பதை உள்ளே சொல்லி, உள்ளே நடப்பதை பையருக்குச் சொல்லும் வேலை. அப்போது எனக்கு அங்கே பதினோரு வருடம். அவருக்கு ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அவரை எனக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் சின்னதுதான். நான் அனுப்பிய பேக்கிங் லிஸ்டில் ஒரு தப்பைக் கண்டுபிடித்து, என்னிடம் சொல்லாமல் நேராக முதலாளியிடம் சொல்லிவிட்டார். அவருக்கு அது வேலை. எனக்கு அது அவமானம்.

கம்பெனி எனக்குப் புது லேப்டாப் வாங்கிக் கொடுத்த இரண்டாவது மாதத்தில், தையல் பகுதியில் பலரும் அலுவலக வைஃபையில் வீடியோ பார்க்கிறார்கள் என்று முதலாளி கடவுச்சொல்லை மாற்றச் சொன்னார். ஜன்னலோர மேஜைக்காரர் மாற்றி, எங்கள் எல்லோருக்கும் சொன்னார். நானும் லேப்டாப்பில் வைஃபை பட்டியலைத் திறந்து புதியதை அடித்தேன். நெட் வந்தது. லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு சாம்பிள் பகுதிக்குப் போய்த் திரும்பி வந்து திறந்தால், 'கடவுச்சொல் தவறு' என்றது.

எழுந்து போய் அவரிடம் கேட்டேன். அதையேதான் சொன்னார். மறுபடி அடித்தேன், வந்தது. டீ குடித்துவிட்டு வந்து திறந்தேன், இல்லை. மறுநாளும் அப்படித்தான். நான் அவர் மேஜை முன் போய் நின்றால் வருகிறது, நகர்ந்தால் போகிறது. ஒரு வாரத்தில் என் மனதில் கதை முழுதாக உருவாகிவிட்டது. இவர் வேண்டுமென்றே மாற்றுகிறார். நான் எழுந்து வருவதைப் பார்த்ததும் பழையபடி வைக்கிறார். வேறு யாருக்காவது நெட் அறுபடுகிறதா என்று ஒருவரிடமும் நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்க விரும்பவில்லை என்பதுதான் உண்மை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மறுபடி அறுந்தது. இன்றைக்கு இவரிடம் போய் நிற்பதில்லை என்று முடிவு செய்தேன். சாயங்காலம் வரை நெட் இல்லாமலே பழைய கோப்புகளைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அலுவலக மெயிலைக் கைபேசியில் பார்க்க எங்களுக்கு அனுமதி கிடையாது. அந்த மத்தியானத்தில்தான் பையரிடமிருந்து மெயில் வந்தது. குழந்தைகள் டாப்பில் தலை நுழைய கஷ்டமாக இருக்கிறது, கழுத்தை அகலப்படுத்திவிட்டு வெட்டுங்கள் என்று. மறுநாள் காலை அவரிடமே கேட்டு நெட் வந்து நான் அதைப் படித்தபோது, கட்டிங் மேஜையில் முக்கால்வாசித் துணியை வெட்டி முடித்திருந்தார்கள்.

முதலாளி அலுவலக அறைக்கே வந்துவிட்டார். எல்லோரும் இருந்தோம்.

"ஏனம்மா, மெயிலு நேத்து மத்தியானமே வந்துருக்குதே. நீ பாக்கலியா?"

"நெட்டு இல்லீங்க" என்றேன்.

"எல்லாத்துக்கும் இருந்துச்சே?"

என் கை தானாக ஜன்னல் பக்கம் நீண்டது. "எனக்கு மட்டும் பாஸ்வேர்ட மாத்தி மாத்தி வெக்கறாருங்க. ஒரு வாரமா இப்படித்தான். வேணும்னே பண்றாருங்க."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "ஏன் மேடம் இப்படிச் சொல்லுதீய? நான் ஒரு தடவதான மாத்துனேன். அதுவும் சார் சொல்லித்தான்."

"அப்பறம் எப்படிங்க நீங்க சொன்னா மட்டும் வருது?"

அவர் தன் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பி ஏதோ விளக்கத் தொடங்கி, பாதியில் விட்டார். அவர் திணறியதை நான் ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். முதலாளியும் அப்படியே எடுத்துக்கொண்டார். அன்று மாலை அவரைக் கீழே பேக்கிங் பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள். வெட்டிய துண்டுகளின் கழுத்தை, கட்டிங் மாஸ்டரும் ஆட்களும் மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்ப வெட்டினார்கள். படியிறங்கும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கும் அவர் மனைவி, அந்த வாரத்திலிருந்து துணியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவர் போன பிறகும் நெட் அறுந்தது. வைஃபை பொறுப்பு இப்போது அக்கவுண்ட்ஸ் பார்க்கும் பெண்ணிடம் இருந்தது. முதல் தடவை அவளிடம் போய்க் கடவுச்சொல் கேட்டபோது, "அதேதானுங்க்கா, மாத்தவே இல்லீங்க" என்றாள். நான்கு நாள் யாரிடமும் சொல்லாமல் சமாளித்தேன். ஐந்தாம் நாள் காங்கேயம் சாலையில் இருந்த ஒரு சர்வீஸ் கடைக்கு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் அதை இரண்டு முறை மூடித் திறந்தார். தன் கைபேசியோடு இணைத்துப் பார்த்தார். பிறகு திரையின் மூலையைக் காட்டினார்.

"ஏனுங்க, இங்க வைஃபை படம் ரெண்டு இருக்குது பாருங்க. ஒண்ணு விண்டோஸோடது. இந்த நீலக் கலரு, லேப்டாப் கம்பெனிக்காரன் போட்டு அனுப்பற சாஃப்ட்வேர். நெட்ட நானே பாத்துக்கறேன்னு அதுவும் நிக்குது. நீங்க விண்டோஸ்ல புது பாஸ்வேர்ட் போடறீங்க, வேலை செய்யுது. மூடித் தொறந்தா இது முந்திக்கிட்டு, தன்கிட்ட இருக்கற பழசப் போட்டுப் பாத்துட்டு, தப்புங்குது."

"பழசுங்களா?"

"மொத மொத வாங்குனப்ப போட்டது அப்படியே இருக்குதுங்க."

நீலப் படத்தைத் திறந்து, வைஃபையை அது நிர்வகிப்பதை நிறுத்திவிட்டு, சேமித்திருந்ததை அழித்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "மத்தவங்களுக்கு நல்லாத்தான வந்துச்சு? அப்பவே லேப்டாப்லதான் கோளாறுன்னு தெரிஞ்சிருக்குமே" என்றார், சாதாரணமாக. நான் பணத்தைக் கொடுத்துவிட்டு, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலை முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிடிவாதத்தால் நெட் கேட்காமல் உட்கார்ந்திருந்ததையும் சேர்த்து. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஆனது ஆயிப்போச்சு, உடு கண்ணு. அவரு கீழயும் நல்லாத்தான் பாக்கறாரு" என்றார். நான் நகராமல் நின்றதும், "சரி, நீயே போயிச் சொல்லு. மேல வரச் சொல்லு" என்றார்.

பேக்கிங் பகுதியில் அவர் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. கடைசியில் டேப்பைக் கிழித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எல்லாரும் இருக்கையில்லா மேடம் அன்னைக்குச் சொன்னீய. இதையும் எல்லாரும் இருக்கையில சொல்லுங்க."

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் சொன்னேன். அலுவலக அறையில் ஒரு முறை. கீழே, அவர் மனைவி நின்ற செக்கிங் மேஜைக்கு எதிரே இன்னொரு முறை. தப்பு என்னுடையது, அவர் எதையும் மாற்றவில்லை என்று. தையல் மெஷின்களின் சத்தத்தில் எத்தனை பேருக்குக் கேட்டதோ தெரியாது. கட்டிங் மாஸ்டர் மட்டும், "சொல்லிட்டியே, அந்த மட்டுக்கும் செரி" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

அவர் மேலே திரும்பி வரவில்லை. கூப்பிட்டும் மறுத்துவிட்டதாக முதலாளி சொன்னார். அடுத்த மாதம் இருவருமே காங்கேயம் பக்கம் வேறு கம்பெனியில் சேர்ந்தார்கள். எங்கள் கம்பெனியை விட்டுக் கிளம்பிய நாளில் அவர் மனைவியைப் பஸ் ஸ்டாப்பில் தனியாகப் பார்த்தேன். கையில் சாப்பாட்டுப் பையும், செக்கிங் மேஜையில் நூல் வெட்ட வைத்திருந்த கத்தரியும். அருகில் போய், "அண்ணாவுக்கு எம்மேல இன்னும் கோவமுங்களா?" என்றேன்.

"அவுக அன்னைக்கே அத விட்டுட்டாக மேடம்" என்றார். "என்னாலதான் முடியல. என் புருஷனப் பாத்து நாலு பேரு முன்னாடி கை நீட்டுனீயல்லா. நான் பாக்கலன்னாலும் அது கண்ணுக்குள்ளயே நிக்கி."

கோபமாகச் சொல்லவில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டால் சொல்வதைப்போலச் சொன்னார். பஸ் வந்தது. ஏறி, உட்கார இடம் தேடி உள்ளே போய்விட்டார். என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.