நான் காத்த பத்தியம்

திருகோணமலைத் துறைமுகத்தில் யப்பான்காரன் குண்டு போட்ட வருடம் அது. நாங்கள் பட்டினக் கரையோரத்தில் குடியிருந்தோம். குண்டு விழுந்த அன்றே சனம் மூட்டை முடிச்சோடு நிலாவெளிப் பக்கம் ஓடியது. நானும் என் மனைவியை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். வழியில் பட்டாளத்து லொறி ஒன்றுக்கு இடம் விடப்போய் வண்டி சரிந்தது. அவள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. குண்டுக்குத் தப்பி வண்டிக்குத் தப்பாத கதை எங்களுடையது.

நிலாவெளியில் உறவினர் ஒருவரின் கொட்டிலில் தங்கினோம். முறிவு வைத்தியர் பற்றுப் போட்டு, பலகை வைத்துக் கட்டிவிட்டு, எலும்பு கூடும்வரை அசையக் கூடாது என்று சொல்லிப் போனார். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். ஒரு மாதம் அவளை மல்லாக்கவே படுக்க வைத்திருந்தேன். முதுகின் அடியில் ஒரு சிவப்புத் தெரிந்தபோது பாய்ச் சூடு என்று விட்டுவிட்டேன். அடுத்த கிழமை தோல் கழன்றது. அதற்குப் பிறகு அது குழியாக இறங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மோட்டார் வண்டியும் இல்லை, மாட்டு வண்டியில் ஏற்றி அவளை அசைக்க எனக்குத் துணிவும் இல்லை. நானே மருந்து கட்டினேன்.

நான் அப்போது கரைவலை இழுத்தேன். கூலி மீனாகவே கிடைக்கும். கரையை ஒட்டிப் பட்டாளத்து முகாம் ஒன்று இருந்தது. அங்கே சமையல் செய்தவனுக்கு நல்ல மீன் என்றால் உயிர். பாரை கொடுத்தால் அயோடின் போத்தல் ஒன்று தருவான். அறக்குளா கொடுத்தால் நுரை பொங்கும் மருந்தும் பஞ்சும் சேர்த்துத் தருவான். ஆகத் திறமான மீனை நான் வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை.

மருந்தைத் தெரிவு செய்ய எனக்கிருந்த அளவுகோல் ஒன்றுதான். எது கூட எரிகிறதோ அது நல்ல மருந்து. ஒருமுறை அவன் வழவழவென்று ஒரு களிம்பு தந்தான். பூசிப் பார்த்தேன், அவள் முகம்கூடச் சுளிக்கவில்லை. இதுவும் ஒரு மருந்தா என்று அதை வண்டிற்காரனுக்கு அச்சில் பூசக் கொடுத்துவிட்டேன். அயோடின் ஊற்றும்போது சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். காய்ந்து ஒட்டிய துணியை ஒரே இழுவையில் உரிப்பேன். மெதுவாக உரித்தால் நோவு கூடும் என்பது என் கெட்டித்தனம்.

எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று, புண் உள்ளவர்களுக்கு மீன் ஆகாது. கிரந்தி என்போம், புண் சீழ் பிடிக்கும் என்று பயம். அதனால் அவளுக்குக் கஞ்சியும், எப்போதாவது மரக்கறிச் சொதியும்தான். ஒரு நாள் மத்தியானம் வலை இழுத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தேன். என் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"இஞ்சருங்கோ, கையெல்லாம் மீன் மணக்குது. ஒரு துண்டு அவிச்சுத் தாங்கோவன். வாய் செத்துப் போச்சு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "புண்ணை வைச்சுக்கொண்டு மீன் கேக்கிறீரோ? வாயைக் கட்டும்" என்றேன். அவள் கையை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கேட்டதே இல்லை.

பக்கத்து வளவில் ஒரு பிள்ளைப்பேற்றுக்கு வந்த மருத்துவமாது, புண்ணின் மணத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் கொட்டிலுக்குள் வந்தார். வயதான மனுசி, நறுக்கென்று கதைப்பவர். புண்ணைப் பார்த்தார். பிறகு, "தம்பி, இதுக்கு என்ன போடுறனீங்கள்?" என்று கேட்டார். நான் பெருமையோடு போத்தல்களை வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றாகத் திறந்து மணந்து பார்த்தார்.

"எல்லாம் எரிக்கிற சாமான். முளைச்சு வாற புதுச் சதையை நாளாந்தம் நீங்களே சுட்டுக்கொண்டு இருக்கிறியள். எத்தினை நாளாய் ஒரே பக்கம் படுத்திருக்கிறா?"

சொன்னேன். தலையில் கை வைத்தார். என்ன சாப்பாடு என்று கேட்டார்.

"பத்தியக் கஞ்சிதான். ஒரு நாளும் பத்தியம் தப்பவிடேல்லை."

"பிள்ளை பெத்தவளுக்கு ஏன் பால்சுறா குடுக்கிறனீங்கள்?"

"பால் சுரக்க. உடம்பு தேற."

"அப்ப இவவின்ர உடம்பு தேறக் கஞ்சித்தண்ணி காணுமோ? சதை எதில தம்பி வளரும்?"

வலை இழுக்கிறவனுக்கு அதைச் சொல்ல இன்னொரு ஆள் வரவேண்டியிருந்தது.

கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் மட்டும் கழுவச் சொன்னார். பழைய பருத்திச் சேலையைக் கிழித்து அவித்து, ஈரம் காயாமல் வைத்துக் கட்டச் சொன்னார். எரியாத களிம்பு கிடைத்தால் பூசலாம் என்றார். எனக்கு அந்த வண்டி அச்சுதான் நினைவுக்கு வந்தது. முறிந்த பக்கம் நோகாமல், தலையணை முண்டு கொடுத்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒருக்களித்துப் படுக்க வைக்கவும் காட்டித் தந்தார்.

அடுத்த நாள் முகாமுக்குப் போகவில்லை. சுறா கொண்டுவந்து நானே அவித்து, உதிர்த்து வறுத்து ஊட்டினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கிரந்தி எண்டியள்?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு வாய் வாங்கினாள். மூன்றாவதுக்குத் தலையைத் திருப்பிக்கொண்டாள். எத்தனையோ நாள் ஏங்கிய சாப்பாடு அது. அப்போது அவளுக்குப் பசியே விட்டுப் போயிருந்தது. நான் கெஞ்சினேன், ஏசினேன், அழுதேன்.

புண்ணின் ஓரத்தில் செந்நிறமாகப் புதுச் சதை அரும்பியது. மணம் குறைந்தது. தப்பிவிடுவாள் என்றே நம்பினேன். பிறகு காய்ச்சல் வந்தது. அதைத் தாங்க அவள் உடம்பில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

செத்த வீட்டுக்கு வந்தவர்கள் என்னைத்தான் புகழ்ந்தார்கள். "ஒரு ஆம்பிளை இப்பிடிப் பாத்ததை நாங்கள் காணேல்லை. கடைசி வரைக்கும் பத்தியம் காத்தவன்" என்றார்கள். எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை, கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தக் கோழைத்தனத்தையும் நான் மறக்கவில்லை.

அந்த நல்ல பெயர் ஊரில் இன்றைக்கும் இருக்கிறது. அன்போடு செய்தால் எதுவும் பிழைக்காது என்று யாராவது சொன்னால் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். அவள் கேட்ட மீன் என் கையில்தான் இருந்தது. நான் அவளை அன்போடுதான் பட்டினி போட்டேன்.